அம்புக்குறி ஒட்டிய கார்

என் காருக்குக் கூச்ச சுபாவம் என்று ஒன்றரை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. நான் தனியாக ஓட்டினால் அது சத்தம் போடும். பக்கத்தில் யாராவது ஏறி உட்கார்ந்தால், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த நாள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அடங்கிவிடும். அவர் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகு வருகிற முதல் வேகத்தடையில் மறுபடியும் ஆரம்பிக்கும். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்டொக்.

ஐம்பத்து நாலு வயது ஆள். இருபத்தெட்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் க்யூ.சி. வேலை. அதாவது துணியிலும் தைத்த உருப்படியிலும் குறை கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு கார் தன்னிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுகிறது என்று நம்பினால் அவனை என்ன செய்வது? நல்லவேளை, இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

மகள் ஆறாம் வகுப்பு படித்தபோது வாங்கிய கார் அது. வாங்கியபோதே வேறொருவர் நாலு வருடம் ஓட்டி முடித்திருந்தார். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. எங்கள் சாயப்பட்டறை ஆள் ஒருவர் வெயிலில் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஒயிட் இல்லீங்க, ஷேடு மாறிப்போச்சு, லாட்டே ரிஜெக்ட்" என்றார். அந்த மாடலைக் கம்பெனிக்காரர்களே நிறுத்திப் பல வருடம் ஆகிறது. சாமான் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் பழைய வண்டி உடைக்கும் கடைகளில்தான் தேட வேண்டும்.

அந்தக் காரில் நானும் என் மனைவியும்தான் வேலைக்குப் போவோம். அவள் அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்தாள். காலையில் ஒட்டுக்காப் போவது, சாயங்காலம் ஒட்டுக்கா வருவது. நடுவில் நிட்டிங், காம்பேக்டிங், பிரிண்டிங் என்று நான் யூனிட் யூனிட்டாகச் சுற்றுவதெல்லாம் பைக்கில். ஆக, காரை நான் தனியாக ஓட்டியதே கிடையாது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு தடவை ஊத்துக்குளியில் நெய் வாங்கிக்கொண்டு வந்தோம். தூக்குப்போசியை அவள் மடியில் வைத்திருந்தாள். குறுக்கே நாய் ஓடியது, நான் பிரேக்கை மிதித்தேன், நெய் முழுவதும் அவள் சீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக் எதற்கு, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று வாசலிலேயே அந்த சீட்டைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, நானே மாட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு ஒரே பெருமை. இன்றைக்கும் சித்திரை வெயிலில் காரைத் திறந்தால் பொங்கலுக்குத் தாளித்த வாசம் வரும்.

போன வருடம் தை மாதம் அவள் பெங்களூர் போனாள். மகளுக்கு மார்கழியில் குழந்தை பிறந்திருந்தது. "மூணு மாசங்க, கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். மகளுக்கு லீவு முடிந்தது, ஆபீசுக்குப் போக வேண்டும், குழந்தையை வேறு யாரிடமும் விட மனசில்லை. யார்மேலும் தப்புச் சொல்ல முடியாது. மூன்று ஆறானது, ஆறு பன்னிரண்டானது. குழந்தை நடந்தது, பல் முளைத்தது, போனைப் பார்த்து "தா" என்று சொல்ல ஆரம்பித்தது. அது தாத்தாவா, போனைக் கொடு என்பதா என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

அவள் போன பிறகு யூனிட் சுற்றுவதற்கும் நான் காரையே எடுத்தேன். முதுகு வலி என்று ஆபீசில் சொல்லிவைத்தேன். உண்மை என்னவென்றால், நான் பைக்கில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும்போது அது வாசலில் நின்று என்னையே பார்க்கும். வீட்டில் காத்திருக்கிற ஒரே ஆள் அதுதான் என்று தோன்றும். இப்படித் தோன்ற ஆரம்பித்தால் மனிதனுக்கு முதுகு வலி வருவது நல்லதுதான்.

சத்தம் தொடங்கியது அப்போதுதான்.

முதலில் டேஷ்போர்டு என்று நினைத்தேன். பிறகு கதவு, பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உருப்படியில் ஓட்டையோ, தையல் விட்டதோ, எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவோம். விரல் நுனி அளவு இருக்கும். திருப்பூரில் க்யூ.சி. ஆட்களின் சட்டைப்பையில் பேனா இல்லாமல் இருக்கலாம், அம்பு ஸ்டிக்கர் இல்லாமல் இருக்காது. நான் என்ன செய்தேன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகப்பட்டேனோ அங்கெல்லாம் ஒரு அம்பை ஒட்டினேன். கியர் அடியில் ஒன்று. கண்ணாடி ஓரத்தில் ஒன்று. ஏ.சி. துவாரத்தில் இரண்டு. மேலே கூரை விளக்கில் ஒன்று. ஒரு நாள் ஹாரன்மேலும் ஒட்டினேன், அது பாவம், வாயே திறக்காத ஹாரன். கொஞ்ச நாளில் என் கார் உள்ளே மொத்தமாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஆர்டர் மாதிரி ஆகிவிட்டது.

காங்கயம் ரோட்டில் ஒரு சின்ன ஒர்க் ஷாப். அதை நடத்துகிறவரை எல்லோரும் பாய் என்போம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவருடைய அப்பா காலத்துக் குடும்பம் முழுக்கப் பனியன் தொழிலில் இருந்தது. இவர் மட்டும் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டார். பத்து வருடமாக என் காருக்கு அவர்தான் வைத்தியர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். வேலை இருந்தாலும் இருப்பேன், இல்லாவிட்டாலும் இருப்பேன்.

"பாய், ஒரு சத்தம் வருது."

"ஏறுங்ணா, பாத்துருவோம்."

அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். படியூர் வரைக்கும் போய்த் திரும்பினோம். குண்டு, குழி, தண்டவாளம், ஒன்றையும் விடவில்லை. என் கார் பரம சாதுவாக ஓடியது.

"எங்கீங்ணா சத்தம்?"

"இப்ப வரலை. நேத்து வந்துச்சு."

"நேத்து வந்தது நேத்தோட போச்சுங்ணா. வண்டி தங்கமாட்டம் ஓடுது."

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும். நாலாவது தடவை அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏனுங்ணா, காதை எதுக்கும் ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்களேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வண்டிய இங்கயே உட்டுப்போட்டுப் போங்க. நானு ரெண்டு நாளு ஓட்டிப் பாக்கறனுங்க" என்றார்.

நான் விடவில்லை. ஆபீசுக்கு வேண்டும், அவசரம், அது இது என்று ஏதோ சொன்னேன். வீட்டு வாசலில் காரும் இல்லாமல் இரண்டு நாள் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்ததுதான் காரணம். அதைப் பாயிடம் சொல்ல முடியுமா?

சாட்சிக்கு ஆள் தேடினேன். நிட்டிங் யூனிட்டில் ஒடிசாக்கார ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். வட்ட மெஷினில் ஆயிரக்கணக்கான ஊசி ஓடும்போது ஒரு ஊசி உடைந்தால் சத்தத்திலேயே பிடித்துவிடுகிற காது அவருக்கு. அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போகிற சாக்கில் ஏற்றினேன். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மிகுந்த பொறுப்போடு கேட்டார். டீக்கடை வந்ததும் கண்ணைத் திறந்து, "ஆவாஜ் நஹி சார். காடி அச்சா" என்று, சத்தமே இல்லை, நல்ல வண்டி என இந்தியில் தீர்ப்புச் சொல்லி, இரண்டு பன் சாப்பிட்டார். திரும்ப அவரை இறக்கிவிட்டு கேட்டைத் தாண்டினேன். டொக்டொக்.

ஒன்று காருக்குக் கிறுக்கு, இல்லையென்றால் எனக்கு. காருக்கு என்றே முடிவு செய்தேன். கூச்ச சுபாவம் என்ற கண்டுபிடிப்பு அன்றைக்குத்தான் வந்தது. வந்த பிறகு கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சில நாள் நானும் பதில் பேசினேன். டொக் என்றால், "ஆமா, இன்னிக்கு வெயில் எச்சாத்தான்" என்பேன்.

சத்தத்தைப் பற்றி மனைவியிடம் போனில் ஒரு வார்த்தை விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. அது மகளின் காதுக்குப் போய், இந்த வருடம் ஆடி மாதம் ஒரு நாள் விசாரணை வந்தது.

"அப்பா, கார்ல என்னமோ சத்தம் வருதாமே?"

"அது காத்து, கண்ணு."

"காத்து டொக் டொக்னு வருமாப்பா?"

"திருப்பூர்ல வரும் சாமி. இங்க காத்தும் ஓவர்டைம் பாக்குது."

அவள் சிரிக்கவில்லை. "வெளையாடாதீங்கப்பா. எவ்ளோ பழைய வண்டி அது. நடு ரோட்டுல நின்னுபோனா உங்களுக்கு யாருப்பா இருக்கா?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. காரைப் பற்றித்தான் கேட்டாள். எப்போதும் நாக்கு நுனியில் ஒரு நக்கல் வைத்திருப்பேன், அன்றைக்குக் கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. அந்தச் சந்தில் அவள் பேசி முடித்துவிட்டாள். ஆவணியில் வெள்ளகோவிலில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். அம்மா அதற்கு வருகிறாள். அதற்குள் சத்தம் போக வேண்டும். போகாவிட்டால் கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை ஷோரூமிலிருந்து ஆள் வருவார், பழைய வண்டியை எடுத்துக்கொள்வார், புது வண்டி பதிவு பண்ணிவிடலாம்.

"சரி கண்ணு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

புது வண்டி வந்தால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சக ஊழியர் புதிதாக வாங்கியிருந்தார். அவரோடு சர்வீஸ் சென்டருக்கு ஒரு தடவை போனேன். கண்ணாடி அறை, சோபா, டி.வி., காகிதக் கோப்பையில் காபி. வண்டியை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள், நாம் எட்டிப் பார்க்கக் கூடாது. முடிந்ததும் போனுக்கு மெசேஜ் வரும். யாரும் யாரையும் அண்ணா என்று கூப்பிடவில்லை. பாய் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி பத்து பத்தாகியும் நான் போகாவிட்டால், "எங்கீங்ணா, ஆளையே காணோம்?" என்று போன் பண்ணிவிடுவார். அந்த ஒன்றரை வருடத்தில், இந்த ஊரில், நான் வரவில்லை என்று கவனித்த ஒரே மனிதர் அவர்தான். ரிப்பேரே வராத வண்டியை வைத்துக்கொண்டு அங்கே எந்த முகத்தோடு போவது?

ஆகவே போர்க்கால நடவடிக்கையில் இறங்கினேன். திருப்பூரில் பிறந்தவனுக்கு வேஸ்ட்டால் தீராத பிரச்சினை எதுவும் கிடையாது. கட்டிங் டேபிளில் மிச்சம் விழுகிற துண்டுத் துணியைத்தான் வேஸ்ட் என்போம். ஒழுகும் குழாய்க்குச் சுற்றுவோம், ஆடும் மேசைக்கு முட்டுக் கொடுப்போம், எலிப் பொந்தை அடைப்போம். நான் ஒரு சாக்கு வேஸ்ட்டைக் கொண்டுவந்து, காரில் எங்கெல்லாம் இடுக்கு இருந்ததோ அங்கெல்லாம் திணித்தேன். டேஷ்போர்டு பின்னால், கதவுக்குள், டிக்கி ஓரத்தில். அதோடு நிறுத்தியிருக்கலாம். பானெட்டையும் திறந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஊத்துக்குளி ரோட்டில் ஒரு யூனிட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மத்தியானம். சத்தம் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு கருகல் வாசம். பிறகு பானெட் ஓரத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை.

வண்டியை ஓரம் கட்டினேன் என்று எழுதினால் அது பொய். விட்டுவிட்டு ஓடினேன். முப்பதடி தள்ளிப்போய் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் கையில் ஏதோ கனப்பது தெரிந்தது. சாப்பாட்டுப் பை. உயிர் போகிற நேரத்தில் நான் எதைக் காப்பாற்றுவேன் என்று தெரிந்துபோயிற்று: தயிர்சாதமும் மோர்மிளகாயும். ஆர்.சி. புத்தகம், போன், கம்பெனி சாம்பிள் எல்லாம் காருக்குள்.

பால் கேன் கட்டிய மொபட்டில் ஒருவர் வந்து நின்றார்.

"ஏனுங்க, வெயில்ல நின்னு சாப்புடறீங்க?"

"வண்டி எரியுதுங்க!"

அவர் நிதானமாகக் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். "எங்கீங்க எரியுது? தோசை அடிப்புடிச்ச வாசமாட்ட இருக்குது."

இறங்கிப்போய் அவரே பானெட்டைத் தூக்கினார். இஞ்சினில் சூடான ஒரு குழாய்மேல் என் வேஸ்ட் துணி ஒன்று சரிந்து விழுந்து பொசுங்கிக்கொண்டிருந்தது. குச்சியால் எடுத்துத் தரையில் போட்டு மிதித்தார். பிறகு ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். சிவப்பு, மஞ்சள், நேவி ப்ளூ. வித்தைக்காரர் வாயிலிருந்து ரிப்பன் எடுப்பது மாதிரி வந்துகொண்டே இருந்தது.

"இதையெல்லாம் யாருங்க உள்ள வெச்சது?"

"யாருன்னு தெரியலீங்க. எங்க ஊருல எல்லாரும் பொல்லாதவிங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சுங்களே. ஊட்டுக்குப் போனு போட்டு யாரையாச்சும் வரச்சொல்லுங்க, நான் வேணும்னா சித்த நேரம் நிக்கறேன்" என்றார்.

"ஊட்டுல யாரும் இல்லீங்க."

"வெளிய போயிருக்காங்களா?"

"ஆமாங்க. வெளிய போயிருக்காங்க."

அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். நான் தயிர்சாதத்தைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்று மாலை மீதி வேஸ்ட்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். சத்தம் அப்படியே இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை காலை அவள் ரயிலில் வந்தாள். இளைத்திருந்தாள். கார்க் கதவைத் திறந்தவள் ஏறாமல் நின்றுவிட்டாள்.

"இதென்னங்க, வண்டிக்கு அம்மை போட்டிருக்குது?"

"சத்தம் வர்ற எடம்."

"இத்தன எடத்துலயா?"

"சந்தேகப்பட்ட எடம்."

ஏறி உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "முப்பத்தேழு. ஹாரனைக் கூடவா சந்தேகப்படுவீங்க?" என்றாள். அப்புறம் சிரித்தாள். அந்தக் காருக்குள் இன்னொருவர் சிரிக்கிற சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே கியரைத் தப்பாகப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளகோவிலுக்குக் கிளம்பினோம். சத்தத்தை அவளுக்கு நிரூபித்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அது வந்தால் கார் போய்விடும் என்பது தெரியும். ஆனால் வராவிட்டால் எனக்குக் கிறுக்கு என்று ஆகிவிடுமே. வேகத்தடை எல்லாவற்றிலும் தடதடவென்று ஏற்றி இறக்கினேன்.

"மெதுவாப் போங்க. நானென்ன நூல் மூட்டையா?"

"சத்தத்தக் கேளு."

"ஒண்ணுங் காணோம். இந்த சீட்டுத்தான் ஒரு மாதிரி ஆடுது. முன்னயே சொல்லிருக்கேன்."

"சீட்டு ஆடலை அம்மிணி. பெங்களூர்ச் சாப்பாடு ஆட்டுது."

இளைத்துப்போய் வந்தவளிடம் சொல்கிற நக்கலா அது? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு உண்மையில் வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. படியூர் தாண்டட்டும், கேட்போம் என்று நினைத்தேன். படியூர் தாண்டியது. காங்கயம் வரட்டும் என்றேன். காங்கயத்தில் டிராஃபிக். வெள்ளகோவில் மண்டபமே வந்துவிட்டது. இரண்டு சொல் கேள்விதான். எப்ப வருவே? அது வாயிலிருந்து வரவில்லை, வாயிலிருந்து வந்ததெல்லாம் குழந்தையின் பல் எத்தனை என்பதுதான்.

பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூரத்து உறவில் ஒரு வயசான அம்மா. நான் ஒரு வருடமாகப் பொத்தி வைத்திருந்த கேள்வியை அவர் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"ஏஞ்சாமி, ஒரேயடியா வந்துட்டியா?"

"இல்லீங்க. சாயங்காலமே ரயிலு. சின்னது பள்ளிக்கூடம் போற வரைக்கும் அங்கதானுங்க."

சொல்லும்போது அவள் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னேன். எனக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் தடுக்கவில்லை.

நேராகத் திருப்பூர் ஸ்டேஷனுக்கு வந்தோம். வழியில் அவள் குழந்தையின் வீடியோக்களைக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் சிக்னலில் மட்டும் பார்த்தேன். சத்தம் மருந்துக்கும் வரவில்லை. பிளாட்பாரத்தில் அவள் சொன்னாள்:

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. மககிட்ட நான் சொல்லிப்போடறேன், நாளைக்கி அந்த ஆளை வரவேண்டாம்னு. நீங்க அதையே வெச்சுக்குங்க."

நான் ஜெயித்துவிட்டேன். தலையாட்டினேன். ரயில் போயிற்று.

ஸ்டேஷன் முன்னாடி வளைவில் காரை இறக்கினேன். டொக். டொக்டொக்.

அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. குறை இருக்கிறது என்று தெரிந்தே ஒரு லாட்டை பாஸ் பண்ணிவிடுகிற ஆள் நானில்லை. நேராகப் பாயின் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். சாவியை அவர் கையில் வைத்தேன். "நீங்களே ஓட்டிப் பாருங்க. நான் வரலை" என்றேன். அவர் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மனசு வந்துச்சாக்கு" என்றார். டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். வாசல் காலியாக இருந்தது. கேட்டைத் திறந்து உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, போன் அடித்தது.

"சத்தம் வருதுங்ணா!"

"யாரு இருந்தா வண்டில?"

"நான் ஒருத்தன்தானுங்க."

பத்து வருடப் பழக்கம் உள்ள மனிதர்மேல் எனக்கு ஒரு நொடி பொறாமை வந்தது. அவரிடமும் பேசியிருக்கிறதே.

திரும்பப் பஸ் பிடித்துப் போனேன். பாய் இடது பக்க முன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். குனியச் சொன்னார். மொபைல் டார்ச்சை அடித்தார். அந்த சீட்டை நாலு போல்ட் தரையோடு பிடித்திருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தது. நாலாவது ஓட்டையில் நெய்யில் ஊறிய தூசி உறைந்துபோயிருந்தது. மூன்றில் ஒன்று லூசாகிப் பல் தேய்ந்திருந்தது.

"ஆளு உக்காந்தா பாரத்துல அழுந்திக்குதுங்ணா, சத்தம் வராது. காலியா இருந்தா தூக்கி அடிக்குது. அவ்வளவுதான். ஆமா, இந்த சீட்டை யாரு கழட்டுனது?"

எனக்கு அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. சீட்டை மாட்டும்போது ஒரு போல்ட் கையிலிருந்து நழுவி வாசல் சாக்கடைக்குள் உருண்டது. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. தேடினால் மரியாதை போய்விடும் என்று மூன்றோடு முடுக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

"யாரோ ஒரு கிறுக்கன் பாய்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே காருக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். "கூரை வரைக்கும் ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கீங்க. இந்த சீட்டுல மட்டும் ஒண்ணுகூட இல்லீங்களே, ஏனுங்ணா?"

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்தது.

இரண்டு போல்ட் புதிதாகப் போட்டார். பத்து நிமிட வேலை. நான் அதுவரை ஒவ்வொரு அம்பாக உரித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் காய்ந்தவை பாதிதான் வந்தன. மறுநாள் ஷோரூம் ஆள் வரப்போவதில்லை. அவள் மகளிடம் சொல்லி நிறுத்திவிடுவாள். ரயிலில் இருந்தவளுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "நான் காலையிலகூடச் சொன்னேன்ல, சீட்டு ஆடுதுன்னு" என்றாள். "சொன்னே" என்றேன். வேறு ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தபோது சிக்னல் போய்விட்டது.

கார் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். அந்த சீட்டுக்கு நாலு போல்ட் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் சத்தம் வருவதில்லை.